பழைய விண்டோஸில் கிடக்கும் பத்திரிகையை அச்சுக்கு எடுப்பது எப்படி

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கல்யாணப் பத்திரிகையின் கோப்பு கையில் இருக்கிறது. அதைச் செய்த கணினி காயலான் கடைக்குப் போய்விட்டது. வீட்டார் வந்து அதே பத்திரிகையைக் கேட்கிறார்கள். இந்த இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைத்து அச்சுக்குத் தரும்) கடைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய விண்டோஸை இன்றைய கணினிக்குள்ளேயே மெய்நிகர் கணினியாக (மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினியாக) ஓடவைத்து, அங்கிருந்து பிசிறில்லாத அச்சுப் பிரதி எடுக்க முடியும்.

என் கடை பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. எம்.சி. ரோட்டில் துணி எடுத்த கையோடு பத்திரிகைக்கும் சொல்லிவிட்டுப் போகும் குடும்பங்கள் பல. காசிமேட்டு விசைப்படகுக்காரர் வீட்டுக் கல்யாணம், திருவொற்றியூர் மாசித் திருவிழாவுக்கு உபயதாரர் அடிக்கும் அழைப்பிதழ், ஆடியில் கூழ் வார்க்கும் நோட்டீஸ், ராயபுரத்துப் பங்கின் விழா மலர், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று எல்லாமே விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்துக் கோப்புகளாக என்னிடம் இருக்கின்றன. “அக்கா, அண்ணன் பத்திரிகை போலவே தங்கைக்கும் வேண்டும்” என்று வருகிறவர்களுக்கு அந்தப் பத்திரிகை வரி வரியாக நினைவிருக்கும். தாத்தா பெயருக்கு முன்னால் போட்ட ‘தெய்வத்திரு’, தாய்மாமன் பெயர் நின்ற இடம், பிள்ளையார் தலைக்கு மேல் இருந்த வளைவு எதுவும் அவர்களுக்கு மறக்காது. புதிதாகத் தட்டச்சு செய்து கொடுத்தால் அது வேறு பத்திரிகைதான். அதனால்தான் பழைய கோப்பை அப்படியே அச்சுக்கு எடுப்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

நேராகத் திறந்தால் ஏன் வராது

பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வெளிவந்தது 2001ல். அடோபியின் புதிய பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்து கொடுத்தது. அதற்குப் பின் வந்த பதிப்புகளில் அந்த வசதி இல்லை. திறந்து கொடுத்த பதிப்பிலும் தமிழ் நமக்குத் தனிப் பிரச்சினை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனி எண் தரும் இன்றைய பொது முறையான யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட் ஒன்றில் 256 இடங்கள்தான் உண்டு. ஆங்கில எழுத்துகளும், தலையில் குறி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை அடுக்கினார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அடுக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி எழுத்துகளை அடுக்க டாம், டாப் என்ற இரண்டு தரங்கள் வந்தன. ஆனாலும் அச்சுக் கடைகளில் அவரவர் கைக்குப் பழகிய ஃபான்ட்தான் தொடர்ந்து ஓடியது.

ஆகவே கோப்பு, அதே ஃபான்ட், அந்த இரண்டையும் புரிந்துகொள்ளும் பேஜ்மேக்கர் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால்தான் பத்திரிகை பத்திரிகையாகத் தெரியும். மூன்றும் கூடும் இடமாகத்தான் மெய்நிகர் கணினி நமக்குத் தேவைப்படுகிறது.

டிரைவரைத் தேடி அலைய வேண்டாம்

எக்ஸ்பி உள்ளே ஓடத் தொடங்கியதும் பலரும் செய்வது, கடையில் இருக்கும் புதிய லேசர் பிரிண்டருக்கு எக்ஸ்பி டிரைவர் (பிரிண்டரைக் கணினியோடு பேசவைக்கும் நிரல்) தேடுவது. அந்தத் தேடலில் இறங்காதீர்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இன்று விற்பனைக்கு வரும் பிரிண்டருக்கு எக்ஸ்பி டிரைவர் கிடைப்பது அரிது. கண்ட கண்ட இடத்திலிருந்து இறக்கிய டிரைவரை நிறுவுவதில் ஆபத்தும் உண்டு.

சரி, வெளிக் கணினியின் பிரிண்டரை நெட்வொர்க்கில் பகிர்ந்து கொடுக்கலாமே என்று இறங்கினால் அங்கே வேறொரு சுவர் நிற்கும். விண்டோஸ் கணினிகள் கோப்பையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். எக்ஸ்பிக்கு அதன் முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை என்ற தீநிரல், அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதை இயல்பாக நிறுவுவதையே விட்டுவிட்டார்கள். கடைக் கணக்கும் வாடிக்கையாளர் வீட்டுப் படங்களும் இருக்கிற கணினியில், ஒரு பத்திரிகைக்காக அந்தக் கதவைத் திரும்பத் திறந்துவைக்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

நேரான வழி ஒன்று இருக்கிறது. உள்ளே ஓடும் பழைய விண்டோஸ், பக்கத்தை போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக எழுதிக் கொடுக்கட்டும். அதை வெளியே எடுத்து பிடிஎஃப் ஆக்குங்கள். புதிய கணினி தன்னுடைய பிரிண்டரில் தன்னுடைய டிரைவரைக் கொண்டு அடித்துக்கொள்ளும்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் 1984ல் அடோபி கொண்டுவந்த மொழி. 1985ல் வந்த ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிரிண்டருக்கு அந்த மொழி தெரியும். அதே ஆண்டு ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கரை வெளியிட்டது. டிடிபி என்ற நம் தொழிலே இந்த மூன்றும் சேர்ந்ததில் பிறந்ததுதான். எழுத்தின் வளைவு, கோட்டின் தடிமன், நிறம் எல்லாம் குறிப்பிட்ட பிரிண்டர் எதையும் நம்பாமல் அந்த மொழியில் எழுதப்படுகின்றன. நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அதைப் படிக்க இலவச மென்பொருள் கிடைக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: பேஜ்மேக்கர் நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டுமானால் போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் இருந்தே ஆக வேண்டும். தங்க நிறமும் மெரூனும் கலந்த பத்திரிகைக்கு இது இல்லாமல் வேலை நடக்காது.

உள்ளே ஒரு எக்ஸ்பி

ஆரக்கிள் இலவசமாகத் தரும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளையே வைத்துச் சொல்கிறேன். புதிய மெய்நிகர் கணினி உருவாக்கும்போது 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி என்று வகையைத் தேர்ந்தெடுங்கள். நினைவகம் 512 எம்பி, வட்டு 10 ஜிபி போதும். வட்டு இணைப்பு ஐடிஇ என்று இருப்பதை மாற்றாதீர்கள். சாட்டா என்று மாற்றினால் எக்ஸ்பியின் நிறுவல் குறுந்தகடு வட்டையே காணாமல் விழிக்கும். உங்களிடம் உள்ள எக்ஸ்பி குறுந்தகடு, அதன் சாவி எண் இரண்டையும் கொண்டு வழக்கம்போல நிறுவிக்கொள்ளுங்கள்.

பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால் அது பெரிய பாக்கியம். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் டிஸ்க்2விஎச்டி என்று ஒரு சிறு நிரல் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்பி கணினியின் வட்டை அப்படியே ஒரு விஎச்டி (மெய்நிகர் வட்டு) கோப்பாக எடுத்துத் தரும். அதற்குள் உங்கள் ஃபான்ட், பேஜ்மேக்கர், கோப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தக் கணினி நின்றுபோவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்து, நெட்வொர்க் அமைப்பில் ‘கேபிள் கனெக்டட்’ என்பதில் உள்ள டிக் குறியை எடுத்துவிடுங்கள். ஆதரவு நின்றுபோன விண்டோஸுக்கு இணையத்தில் வேலை இல்லை. நமக்கும் இந்த வேலைக்கு நெட்வொர்க் தேவையில்லை.

பிறகு கோப்பு எப்படி வெளியே வரும்? எக்ஸ்பியில் விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை நிரல்களை நிறுவினால் இரண்டு பக்கமும் தெரியும் பொது ஃபோல்டர் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 98க்கு அந்த வசதி கிடையாது. நான் இரண்டுக்கும் பொருந்தும் ஒரே வழியை வைத்திருக்கிறேன். மெய்நிகர் கணினிக்கு இரண்டாவதாக ஒரு சின்ன வட்டு கொடுங்கள். அளவு 2 ஜிபி போதும், வகை விஎச்டி, அளவு மாறாத நிலையான வட்டாக இருக்கட்டும். உள்ளே அதை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். எக்ஸ்பியில் அது ஈ டிரைவாக வரும் என்று வைத்துக்கொள்வோம். வெளியே வந்து மெய்நிகர் கணினியை முழுவதும் அணைத்த பிறகு, இன்றைய விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஆக்ஷன் மெனுவில் உள்ள ‘அட்டாச் விஎச்டி’ மூலம் அதே கோப்பைத் திறந்தால் சாதாரண பென் டிரைவைப் போலத் தெரியும். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளையும் ஃபான்ட்களையும் உள்ளே கொண்டுபோவதும் இதே வழிதான். வேலை முடிந்ததும் ‘டிட்டாச்’ செய்துவிட்டுத்தான் மெய்நிகர் கணினியைக் கிளப்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் வட்டில் உள்ளது சிதையும். ஸ்னாப்ஷாட் எடுக்கும் (மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையைச் சேமித்து வைக்கும்) பழக்கம் உள்ளவர்கள் இந்த வட்டை அதில் சேர்க்காதீர்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த பின் எழுதியவை வேறொரு கோப்பில் போய் உட்காரும், வெளியே திறந்து பார்த்தால் வட்டு காலியாகத் தெரியும்.

விண்டோஸ் 98ஐத்தான் ஓட்டியாக வேண்டும் என்றால் நினைவகத்தை 256 எம்பிக்கு மேல் கொடுக்க வேண்டாம். மற்றபடி எக்ஸ்பியில் நடக்கும் வேலைக்கு 98ஐத் தேடிப் போகத் தேவையில்லை.

ஃபான்ட் விஷயத்தில் அவசரம் கூடாது

பழைய கணினியின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுவதுமாக நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ட்ரூடைப் ஃபான்ட் என்றால் ஒரு கோப்போடு முடிந்தது. டைப் 1 ஃபான்ட் என்றால் பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று முடியும் இரண்டு கோப்புகளும் சேர்ந்தே இருக்க வேண்டும். எக்ஸ்பி அவற்றை நேராக ஏற்கும்; 98க்கு அடோபி டைப் மேனேஜர் வேண்டும். 2023 ஜனவரியோடு அடோபி தன் மென்பொருள்களில் டைப் 1 ஆதரவை முடித்துக்கொண்டது. ஆகவே அந்த வகை ஃபான்ட் வைத்திருப்பவர்களுக்கு மெய்நிகர் கணினியை விட்டால் வேறு நல்ல வழி இல்லை.

கோப்பைத் திறக்கும்போது பேஜ்மேக்கர் சில நேரம் ‘பானோஸ்’ என்ற தலைப்பில் ஒரு பெட்டியைக் காட்டும். இந்த ஃபான்ட் இல்லை, அதற்குப் பதில் இதைப் போடட்டுமா என்று கேட்கிறது என்று அர்த்தம். உடனே கேன்சல் கொடுத்து வெளியே வாருங்கள். பெட்டியில் வந்த ஃபான்ட் பெயரைக் குறித்துக்கொண்டு, அதைத் தேடி நிறுவிய பிறகு மறுபடி திறங்கள். மாற்று ஃபான்ட்டோடு திறந்து அப்படியே சேமித்தால் வரிகள் எல்லாம் வேறு இடத்தில் உடையும்.

பலரும் பயப்படும் இன்னொன்று டாங்கிள். அந்தக் காலத் தமிழ் மென்பொருள் சிலவற்றோடு, பிரிண்டர் போர்ட்டில் செருகும் பூட்டு ஒன்றும் வந்தது. பூட்டு தொலைந்தால் மென்பொருள் ஓடாது. ஆனால் அந்த மென்பொருள் தேவைப்படுவது தட்டச்சு செய்வதற்கு. இருக்கிற பத்திரிகையை அச்சுக்கு எடுக்க ஃபான்ட் மட்டும் இருந்தால் போதும்.

பெயரும் தேதியும் மாற்ற வேண்டுமே என்று கேட்பீர்கள். பெரும்பாலான எழுத்துகள் அந்தப் பத்திரிகையிலேயே எங்காவது இருக்கும். நகலெடுத்து ஒட்டிச் சேருங்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஃபான்ட்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருக்கும். ‘கோ’ என்பது அங்கே ஓர் எழுத்தாக இருக்காது. இரட்டைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாக அடுத்தடுத்து இருக்கும். ‘கோமதி’ என்ற பெயரிலிருந்து ‘கோ’வை எடுக்கும்போது கொம்பை விட்டுவிட்டால் ‘கா’தான் வந்து சேரும். ‘கு’, ‘கூ’ போன்றவற்றுக்குத் தனி இடம் உண்டு, அவை ஒரே துண்டு. பத்திரிகையில் எங்குமே இல்லாத எழுத்து வேண்டுமானால் எக்ஸ்பியின் கேரக்டர் மேப்பைத் திறந்து அந்த ஃபான்ட்டைத் தேர்ந்தெடுங்கள். 200க்கு மேற்பட்ட கட்டங்களில் எல்லா வடிவங்களும் தெரியும். வேண்டியதைத் தட்டினால் கீழே ஆல்ட் விசையோடு சேர்த்து அடிக்க வேண்டிய எண்ணைக் காட்டும். அதிகம் தேவைப்படும் எண்களை ஒரு தாளில் எழுதி மானிட்டருக்கு அருகில் ஒட்டிவையுங்கள்.

பிரிண்டர் இல்லாத பிரிண்டர்

இனி எக்ஸ்பிக்குள் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரை நிறுவ வேண்டும். ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஃபேக்ஸஸ்’ திறந்து ‘ஆட் எ பிரிண்டர்’. லோக்கல் பிரிண்டர் என்று சொல்லி, தானாகக் கண்டுபிடிக்கட்டுமா என்ற டிக் குறியை நீக்குங்கள். போர்ட் கேட்கும் இடத்தில் எல்பிடி1ஐ (பழைய பிரிண்டர் போர்ட்) விட்டுவிட்டு ‘ஃபைல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தயாரிப்பாளர் பட்டியலில் ‘ஜெனரிக்’, அதன்கீழ் ‘எம்எஸ் பப்ளிஷர் இமேஜ்செட்டர்’. இது எக்ஸ்பியோடேயே வரும் டிரைவர். எதையும் வெளியிலிருந்து இறக்க வேண்டாம். விண்டோஸ் 98ல் ஆப்பிள் லேசர்ரைட்டர் வகைகளில் ஒன்றைத் தேர்ந்தால் வேலை நடக்கும்.

நிறுவியதும் ‘பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்’ உள்ளே ‘அட்வான்ஸ்டு’ பொத்தானை அழுத்துங்கள். இங்கே மூன்று மாற்றங்கள் செய்ய வேண்டும். தாள் அளவு லெட்டர் என்று இருக்கக்கூடும், ஏ4 ஆக்குங்கள். ட்ரூடைப் ஃபான்ட் என்ற இடத்தில் ‘டவுன்லோட் அஸ் சாஃப்ட்ஃபான்ட்’ என்று இருக்க வேண்டும். பிரிண்டரின் சொந்த ஃபான்ட்டைப் பதிலாகப் போடச் சொல்லும் மற்றொரு தேர்வு தமிழுக்கு உதவாது. அந்தப் பிரிண்டருக்குள் தமிழ் ஃபான்ட் எதுவும் கிடையாதே. போஸ்ட்ஸ்கிரிப்ட் அவுட்புட் என்ற இடத்தில் வேகத்துக்கு என்று இருப்பதை ‘ஆப்டிமைஸ் ஃபார் போர்ட்டபிலிட்டி’ என்று மாற்றுங்கள். அதற்கடுத்த வரியில் ட்ரூடைப் ஃபான்ட் எந்த வடிவில் போக வேண்டும் என்று கேட்கும். ‘அவுட்லைன்’ கொடுத்தால் எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கும். ‘பிட்மேப்’ கொடுத்தால் பெரிய எழுத்துகளில் படிக்கட்டு தெரியும். தலைப்பில் பெரிதாக நிற்கும் ‘திருமண அழைப்பிதழ்’ அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதையே ஒரு பிடிஎஃப் பிரிண்டரை எக்ஸ்பிக்குள் நிறுவியும் செய்யலாம். பேஜ்மேக்கர் 7 குறுந்தகட்டில், போஸ்ட்ஸ்கிரிப்ட்டை பிடிஎஃப் ஆக்கும் டிஸ்டில்லரும் சேர்ந்தே வந்தது. அது இருந்தால் உள்ளேயே பிடிஎஃப் ஆக்கலாம். எனக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பே பிடிக்கும். உள்ளே நிறுவுவது குறைவு, கெட்டுப்போவதும் குறைவு.

பேஜ்மேக்கரில் அடிக்கும்போது

கோப்பைத் திறந்ததும் முதலில் டாக்குமென்ட் செட்டப்பில் ‘கம்போஸ் டு பிரிண்டர்’ என்ற இடத்தைப் பாருங்கள். பழைய கடைப் பிரிண்டரின் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இமேஜ்செட்டராக மாற்றுங்கள். மாற்றிய பிறகு வரி உடைவுகளைப் பழைய அச்சுப் பத்திரிகையோடு ஒப்பிட்டு ஒரு முறை படியுங்கள். முகூர்த்த நேர வரி அடுத்த வரிக்கு இறங்கியிருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

பிரிண்ட் பெட்டியில் பிபிடி (பிரிண்டரின் விவரக் கோப்பு) கேட்கும் இடத்தில் டிஸ்டில்லர் பெயரில் உள்ளது இருந்தால் அதைக் கொடுங்கள். ஃபான்ட் டவுன்லோட் என்ற இடத்தில் போஸ்ட்ஸ்கிரிப்ட், ட்ரூடைப் இரண்டையும் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு நிறப் பத்திரிகை என்றால் கலர் பகுதியில் ‘செப்பரேஷன்ஸ்’ தேர்ந்து, வேண்டிய மைகளுக்கு மட்டும் டிக் குறி வையுங்கள். ஒவ்வொரு மைக்கும் ஒரு பக்கம் கறுப்பில் வரும். பொருத்தக் குறிகளுக்காக ‘பிரிண்டர்ஸ் மார்க்ஸ்’ஐயும் கொடுங்கள். பத்திரிகை ஏ4ஐவிடச் சிறியதாக இருந்தால் குறிகளுக்குத் தாளில் தாராளமாக இடம் கிடைக்கும்.

மிரர் (இடவலம் மாறிய பிம்பம்) வேண்டுமா வேண்டாமா என்பது வேலையைப் பொறுத்தது. ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு நேராகப் படிக்கும் பாசிட்டிவ் (ஒளி ஊடுருவும் தாளில் எடுத்த கறுப்பு அச்சு) போதும். ஆஃப்செட் பிளேட்டுக்கு என்றால் மிரர் கொடுங்கள். அப்போதுதான் டோனர் படிந்த பக்கம் பிளேட்டைத் தொட்டபடி படுக்கும், விளிம்பு மங்காது. மிரரை பேஜ்மேக்கரில் கொடுத்தால் டிரைவரில் கொடுக்கக் கூடாது. இரண்டிலும் கொடுத்தால் திரும்பியது மறுபடி நேராகிவிடும்.

பிரிண்ட் அழுத்தியதும் எக்ஸ்பி ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி ‘அவுட்புட் ஃபைல் நேம்’ கேட்கும். ஃபோல்டரைத் தேடிக் காட்டும் பொத்தான் அதில் கிடையாது. வெறும் பெயரை மட்டும் அடித்தால் கோப்பு எங்கே போய் விழுந்தது என்று தேட வேண்டியிருக்கும். முழு முகவரியையும் அடியுங்கள்: டிரைவின் எழுத்து ஈ, முக்காற்புள்ளி, பின்சாய்வுக் கோடு, பிறகு கோப்பின் பெயர், ஒரு புள்ளி, பிஎஸ். பெயர் ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். வெளியே வந்த பின் உள்ள வேலை அதனால் எளிதாகும்.

வெளியே வந்த பின்

மெய்நிகர் கணினியை அணைத்து, விஎச்டி வட்டைத் திறந்து, கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் ஆக்க கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருள் போதும். அதோடு பிஎஸ்2பிடிஎஃப் என்ற நிரல் வருகிறது. விண்டோஸில் அது கோஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபோல்டருக்குள் லிப் என்ற பகுதியில் இருக்கும். லிப், பின் ஆகிய இரண்டு ஃபோல்டர்களையும் கணினியின் பாத் பட்டியலில் சேர்த்துவிட்டால், கமாண்ட் பிராம்ப்டில் அந்த நிரலின் பெயரை அடித்து, இடைவெளி விட்டு, கோப்பின் பெயரை அடித்தால் முடிந்தது. புகைப்படம் உள்ள நினைவஞ்சலி போன்றவற்றுக்கு ‘பிரீபிரஸ்’ அமைப்பைச் சேர்த்துக் கொடுங்கள், படத்தின் தரம் குறையாது. மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: முன்பு பிரிவியூ போஸ்ட்ஸ்கிரிப்ட்டைத் திறந்து தந்தது. 2022ல் வந்த வென்ச்சுராவிலிருந்து அந்த வசதி இல்லை. அங்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட்தான்.

பிடிஎஃபைத் திறந்ததும் அழகு பார்ப்பதற்கு முன் ஃபான்ட் பட்டியலைப் பாருங்கள். அடோபி ரீடரில் கன்ட்ரோல் விசையோடு டி அழுத்தினால் ஃபான்ட்ஸ் என்ற பகுதி வரும். ஒவ்வொரு தமிழ் ஃபான்ட்டின் பக்கத்திலும் ‘எம்பெடட் சப்செட்’ என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்தாலும் இன்னொரு கடையில் வேறு ஏதோ எழுத்துகளாக அச்சாகும்.

அடுத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 256 இடங்களில் 160ஆவது இடம் வெற்றிடத்துக்கும், 173ஆவது இடம் வரி உடையும்போது மட்டும் தெரியும் மென்கோட்டுக்கும் உரியவை. ஃபான்ட் செய்தவர் அந்த இடங்களில் ஒரு தமிழ் எழுத்தை வைத்திருந்தால், வழியில் ஏதாவதொரு மென்பொருள் அதை விழுங்கிவிடும். ஆகவே பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்காது. ஒரே எழுத்து பத்திரிகை முழுவதும் காணாமல் போயிருக்கும். அப்படி நடந்தால் அந்த எழுத்து வரும் சொற்களை மட்டும் படமாக மாற்றி பேஜ்மேக்கரில் வைக்க வேண்டும். பெயர்களில் வந்தால் கட்டாயம் செய்யுங்கள். மாப்பிள்ளை பெயரில் ஓர் எழுத்து விழுந்த பத்திரிகையை எந்த வீட்டாரும் பொறுக்க மாட்டார்கள்.

பிறகு அச்சு. பிடிஎஃப் ரீடரின் பிரிண்ட் பெட்டியில் ‘ஃபிட்’ என்று இருப்பதை ‘ஆக்சுவல் சைஸ்’ ஆக்குங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஃபிட் கொடுத்தால் பக்கம் சில சதவீதம் சுருங்கும், கண்ணுக்குத் தெரியாது. தங்கத்துக்கு ஒரு பாசிட்டிவ், மெரூனுக்கு ஒரு பாசிட்டிவ் எடுத்து, அவற்றில் ஒன்று மட்டும் சுருங்கியிருந்தால், ஸ்கிரீன் போடும் இடத்தில் பிள்ளையாரின் தங்க ஓரம் மெரூனை விட்டு விலகி நிற்கும்.

பாசிட்டிவ் எடுக்கும் பட்டர் பேப்பரை ஆண்டர்சன் தெருவில் வாங்கும்போது இரண்டு நிறத்துக்கும் ஒரே கட்டிலிருந்து வாங்குங்கள். நம் பக்கம் கடற்காற்று ஈரம் அதிகம். திறந்து வைத்த தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், லேசரின் சூட்டில் அது சுருங்கும். நான் எடுத்த தாளை முதலில் எழுத்து எதுவும் இல்லாமல் பிரிண்டருக்குள் ஒரு முறை ஓடவிட்டு, சுருங்க வேண்டியது சுருங்கிய பிறகே பாசிட்டிவ் அடிக்கிறேன். டோனர் சேமிப்பை நிறுத்தி, அடர்த்தியை உச்சத்தில் வைக்கவும். விளக்குக்கு எதிரில் பிடித்துப் பார்த்தால் எழுத்துக்குள் ஒளி கசியக் கூடாது.

பில் அடிப்பவர்களுக்கு

மண்ணடி இரும்புக் கடைகளிலும் லாரி புக்கிங் அலுவலகங்களிலும் விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் பில் மென்பொருள் இன்னும் இருக்கிறது. அங்கே கார்பன் பிரதியோடு டாட் மேட்ரிக்ஸில்தான் அடிக்க வேண்டும் என்பதால் மேலே சொன்ன வழி உதவாது. டிவிஎஸ் எம்எஸ்பி 250 போன்ற பிரிண்டரை யுஎஸ்பியில் இணைத்து, விர்ச்சுவல்பாக்ஸின் டிவைசஸ் மெனுவில் யுஎஸ்பியின் கீழ் அதை டிக் செய்தால் பிரிண்டர் எக்ஸ்பியின் கைக்குப் போய்விடும். அங்கே இருக்கும்வரை வெளிக் கணினிக்கு அது தெரியாது. எக்ஸ்பியில் ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவரோடு அதை நிறுவிப் பகிருங்கள். பிறகு ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்பிடி1ஐ அந்தப் பகிர்ந்த பிரிண்டரோடு கட்டிவிட்டால், டாஸ் மென்பொருள் எல்பிடி1க்கு அனுப்புவது யுஎஸ்பி வழியே வரும். கேபிளைக் கழற்றி வைத்திருப்பதால் ‘நெட் யூஸ்’ வேலை செய்யாமல் போனால், எக்ஸ்பியிலேயே உள்ள மைக்ரோசாஃப்ட் லூப்பேக் அடாப்டரை நிறுவுங்கள். கணினி தனக்குத்தானே பேசிக்கொள்ள அது போதும்.

எடுத்து வைப்பது

வேலை முடிந்ததும் ஒரு குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, பேஜ்மேக்கர் கோப்பு, போஸ்ட்ஸ்கிரிப்ட், பிடிஎஃப், பயன்படுத்திய ஃபான்ட் கோப்புகள் நான்கையும் சேர்த்து வையுங்கள். ஒரு சிறு உரைக் கோப்பில் ஃபான்ட் பெயர்களையும் மைகளின் பெயர்களையும் யூனிகோட் தமிழில் எழுதி அதோடு போடுங்கள். ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்களின் ஃபான்ட் இருப்பதுண்டு என்பதால் ஃபான்ட்டைக் கோப்பாகவே வைப்பது அவசியம், பெயர் மட்டும் போதாது. மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு அதன் வட்டுக் கோப்புகளை வேறொரு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். அந்த ஹார்டு டிஸ்க் கடையில் இருக்க வேண்டாம், வீட்டில் இருக்கட்டும்.